அக்கி யாருக்கு வருகிறது? மாம்பழத்தை விட்டுவிட்டு மாத்திரைப் பையைப் பாருங்கள்

“பாலக்கோட்டில் இருக்கும் என் மாமியாருக்கு வயது 64. ஐந்து வருடமாகச் சர்க்கரை, மூட்டுவலிக்கும் மாத்திரை எடுக்கிறார். நாலு நாளாக முதுகில் தொடங்கி மார்பு வரை ஒரே பக்கமாக அக்கி. ஊரில் எல்லோரும் மாம்பழச் சூடு என்கிறார்கள். இது யாருக்கெல்லாம் வரும்? எனக்கு 36 ஆகிறது, எனக்கும் வருமா? வீட்டில் நாத்தனார் ஆறு மாதக் கர்ப்பம், என் பையனுக்கு மூன்று வயது” என்று கேட்டிருந்தீர்கள்.

நாத்தனார் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் காத்திருக்க முடியாதது. அவருக்குச் சின்ன வயதில் சின்னம்மை வந்திருக்கிறதா என்று இன்றே அவர் அம்மாவிடம் கேளுங்கள். “அம்மை போட்டு, வேப்பிலைத் தண்ணி ஊத்தினோம்” என்று அந்த அம்மா சொல்லிவிட்டால் பெரும்பாலும் பயமில்லை. வந்ததே இல்லை என்றாலோ, நினைவில்லை என்றாலோ, அக்கி வந்தவர் வீட்டில் இருப்பதை மகப்பேறு மருத்துவரிடம் தாமதிக்காமல் சொல்ல வேண்டும். எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று இரத்தத்தில் பார்க்கலாம். இல்லையென்றால் அதற்கென்று ஊசி உண்டு, அதற்கும் நாள் கணக்கு உண்டு. அக்கி வந்தவரிடமிருந்து அடுத்தவருக்கு அக்கி ஒட்டாது. ஆனால் அந்தக் கொப்புள நீர் பட்டால், அம்மை வராதவருக்குச் சின்னம்மை வரலாம். கொப்புளங்கள் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை, ஏழிலிருந்து பத்து நாள், அந்த இடத்தைச் சுத்தமான துணியால் மூடி வையுங்கள். மாமியாரின் துண்டையும் துணியையும் தனியாகத் துவையுங்கள். பையனுக்குச் சின்னம்மைத் தடுப்பூசி போடாமல் இருந்தால் அவனையும் கொஞ்ச நாள் பாட்டி மடியில் உட்காரவிடாதீர்கள். அழுவான், பரவாயில்லை.

சரி, இப்போது உங்கள் பெரிய கேள்வி.

நான் மருத்துவர் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பவர்களின் சீட்டைப் படித்தே பாதி நோயைப் புரிந்துகொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. அக்கி என்று யாராவது வந்தால், “என்ன சாப்பிட்டீங்க” என்று உறவினர்கள் கேட்பார்கள். நான் “என்ன மாத்திரை சாப்பிடுறீங்க” என்று கேட்பேன். ஏன் என்று புரிய, அக்கி எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

அது வெளியிலிருந்து வருவதில்லை. சின்னம்மையும் அக்கியும் ஒரே கிருமியின் வேலை, வேரிசெல்லா சோஸ்டர் என்ற வைரஸ். இரண்டும் ஒன்றுதான் என்பதை 1950களில் அமெரிக்காவில் தாமஸ் வெல்லர் ஆய்வுக்கூடத்தில் கிருமியை வளர்த்துக் காட்டினார். சின்ன வயதில் அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, கோயிலுக்குக் கூழ் ஊற்றியும் ஆகிவிடும். ஆனால் கிருமி உடம்பை விட்டுப் போயிருக்காது. தண்டுவடத்தை ஒட்டி வரிசையாக இருக்கும் நரம்பு முடிச்சுகளில் போய்ப் படுத்துக்கொள்ளும். முகத்துக்குப் போகும் நரம்பின் முடிச்சிலும் படுக்கும். ஐம்பது வருடம், அறுபது வருடம் கூட அப்படியே கிடக்கும். அதை எழவிடாமல் காவல் காப்பவை நம் இரத்தத்தில் உள்ள டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள். காவல் தளர்ந்த அன்று ஏதோ ஒரு முடிச்சில் கிருமி எழுந்து, அந்த நரம்பு வழியாகவே தோலுக்கு வருகிறது. அதனால்தான் அக்கி ஒரு பக்கமாக, ஒரு பட்டையாக, முதுகெலும்பில் தொடங்கி முன்பக்கம் நடுக்கோட்டில் வந்து நின்றுவிடுகிறது. அந்த நரம்பின் எல்லை அதுதான்.

ஆக, யாருக்கு வரும் என்ற கேள்விக்கு இரண்டே நிபந்தனை. சின்னம்மை கிருமி உள்ளே இருக்க வேண்டும், காவல் தளர வேண்டும். நாம் பேச வேண்டியதெல்லாம் காவல் ஏன் தளர்கிறது என்பதுதான்.

மாம்பழத்துக்கு இதில் பங்கில்லை. இதை நம் ஊரில் சொல்வது கொஞ்சம் கஷ்டம்தான். மே, ஜூனில் காவேரிப்பட்டணம், பர்கூர்ப் பக்கம் எந்த வீட்டைப் பார்த்தாலும் திண்ணையில் பெங்களூராவும் செந்தூராவும் குவிந்து கிடக்கும், அதே நேரத்தில் யாருக்காவது அக்கி வந்தால் பழி அங்கேதான் விழும். இந்தப் பழிக்கு ஒரு காரணமும் இருக்கிறது என்று நினைக்கிறேன். மாங்காய் பறிக்கிறவர்களுக்குக் காம்பிலிருந்து பீய்ச்சும் பால் கையிலோ கழுத்திலோ உதட்டிலோ பட்டால் எரிந்து கொப்புளம் எழும்பும். அதையும் நம் ஆட்கள் அக்கி என்றுதான் சொல்வார்கள். மழைக்காலத்தில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும் சின்னப் பூச்சி ஒன்று உண்டு, கருப்பும் ஆரஞ்சும் மாறி மாறி, எறும்பு போல. தூக்கத்தில் அதை நசுக்கிவிட்டால் மறுநாள் கோடு கிழித்தாற்போல் சிவந்து கொப்பளிக்கும். அதுவும் அக்கி. காய்ச்சலுக்குப் பிறகு உதட்டோரம் வரும் கொப்புளம் வேறொரு வைரஸ், அதற்கும் அக்கி என்றே பேர். இப்படி நாலைந்து விஷயங்களுக்கு ஒரே பெயரை வைத்துக்கொண்டதால், “எனக்கு வருஷா வருஷம் அக்கி வருது, நுங்கு சாப்பிட்டா போயிடுது” என்று சொல்பவர்களையும் பார்க்கிறோம். அவர்களுக்கு வருவது நாம் பேசும் அக்கியாக இருக்க வாய்ப்பு குறைவு. உண்மையான அக்கி பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் ஒரு முறைதான், சிலருக்கு இரண்டாம் முறை. அடிக்கடி வந்தால் அது அக்கிதானா என்று ஒரு தோல் மருத்துவர் பார்க்க வேண்டும். உங்கள் மாமியாருக்கு நீங்கள் சொல்லும் ஒருபக்கப் பட்டை அசல் அக்கி போலத்தான் இருக்கிறது.

இனி காரணங்களுக்கு வருகிறேன். முதல் காரணம், மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியது, வயது. ஐம்பதைத் தாண்டியதும் வாய்ப்பு மேடேறத் தொடங்கி, அறுபது எழுபதில் செங்குத்தாக ஏறும். வேறு நோய் எதுவும் இருக்க வேண்டியதில்லை. தலை நரைப்பது போல அந்த டி செல் காவலும் நரைக்கிறது. அமெரிக்காவில் கணக்குப் பார்த்ததில் மூன்று பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது வருகிறது. அதாவது இது அபூர்வமான சாபமெல்லாம் இல்லை. வயது கூடினால் வாய்ப்பு மட்டும் கூடுவதில்லை, வந்த பிறகு நரம்பு வலி மாதக்கணக்கில் தங்கிவிடும் ஆபத்தும் கூடுகிறது. முப்பது வயதுக்காரர் பத்து நாளில் மறந்துவிடும் அக்கி, எழுபது வயதுக்காரரைச் சட்டை போடவிடாமல் ஒரு வருடம் படுத்தும்.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. எனக்கு 61 வயதில் வந்தது. வலது விலாவில் மூன்று நாள் குத்தல், தோலில் ஒன்றுமில்லை. தோட்டத்தில் மாங்காய்க் கூடை தூக்கியதில் சதை பிடித்துக்கொண்டது என்று தைலம் தேய்த்துக்கொண்டேன். நாலாம் நாள் நாலு கொப்புளம். “பூச்சியா இருக்கும்” என்று எனக்கே நான் வைத்தியம் பார்த்துக்கொண்டு இன்னும் மூன்று நாளை வீணாக்கினேன். கொப்புளம் கண்ட எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்குங்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்ன வாய். அதற்குத் தண்டனையாக எட்டு மாதம் பனியன் பட்டாலே நெருப்புப் பட்டது போல இருந்தது. எனக்குச் சர்க்கரை இல்லை, ஸ்டீராய்டு இல்லை, வயது மட்டும்தான். கொப்புளத்துக்கு முன்னால் வரும் இந்த வலியை நெஞ்சுவலி என்றும் பித்தப்பைக் கல் என்றும் நினைத்து ஈசிஜி, ஸ்கேன் வரை போனவர்களும் உண்டு.

அடுத்தது சர்க்கரை. சர்க்கரை உள்ளவர்களுக்கு அக்கி வரும் வாய்ப்பு மற்றவர்களை விட ஓரளவு கூடுதல். பல மடங்கெல்லாம் இல்லை. ஆனால் நம் பக்கம் சர்க்கரை இல்லாத வீடு குறைவாகிவிட்டதால், அந்த ஓரளவே நிறையப் பேருக்கு ஆகிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்டில் அப்போதைய முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தது கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் வீடு தேடி மாத்திரை கொடுக்கும் அளவுக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அக்கி வந்த நேரத்தில் உடம்பின் அழுத்தத்தால் சர்க்கரை அளவு ஏறவும் செய்யும். மாமியாருக்கு இந்த வாரமே ஒரு முறை இரத்தத்தில் சர்க்கரை பார்த்துவிடுங்கள்.

இப்போது மாத்திரைப் பை. இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

“மூட்டுவலிக்கும் மாத்திரை” என்று ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். என்ன மாத்திரை? பாராசிட்டமால், வலி நிவாரணி மட்டும் என்றால் அதற்கும் அக்கிக்கும் தொடர்பு இல்லை (சிறுநீரகத்துக்குத் தொடர்பு உண்டு, அது வேறு கதை). ஆனால் நம் ஊரில் மூட்டுவலி மாத்திரை என்பதற்குள் என்னென்னவோ இருக்கும். மெடிக்கல் ஷாப்பில் “ஒரு செட் குடுங்க” என்று கேட்டால் காகிதத்தில் மடித்து நாலு மாத்திரை வருகிறதே, அதில் பல நேரம் டெக்ஸாமெத்தாசோனோ பிரட்னிசோலோனோ ஒன்று இருக்கும். ஸ்டீராய்டு. அதைப் போட்டதும் இரண்டே நாளில் வலி பறந்துவிடும், பசி எடுக்கும், உடம்பு தெம்பாக இருக்கும். “அந்தக் கடைக்காரர் கைராசி” என்று பேர் வந்துவிடும். பெயர் ஒட்டாத சூரணப் பொட்டலங்களிலும் இதைக் கலந்து விற்பவர்கள் இருக்கிறார்கள். வாங்குபவர் மூலிகை என்று நினைத்து மாதக்கணக்கில் சாப்பிடுவார். ஸ்டீராய்டின் வேலையே காவலைத் தூங்கவைப்பதுதான். மூட்டில் வீக்கம் குறைவது அதனால்தான், நரம்பு முடிச்சில் கிருமி விழிப்பதும் அதனால்தான். அளவு கூடக் கூட, நாள் நீள நீள ஆபத்து கூடும். அதே மாத்திரை சர்க்கரையையும் ஏற்றிவிடும். மாமியாருக்கு மூட்டுவலி மாத்திரை தொடங்கிய பிறகு சர்க்கரை கட்டுக்கு வராமல் போனதா என்று யோசித்துப் பாருங்கள். முகம் உப்பி வட்டமாகியிருக்கிறதா, தோல் மெலிந்து லேசாக இடித்தாலும் கன்றிப்போகிறதா என்றும் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. பையைப் பார்த்து ஸ்டீராய்டு என்று தெரிந்தாலும் அன்றே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நாள்பட்டுச் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அட்டையோடு மருத்துவரிடம் போங்கள், அவர் படிப்படியாகக் குறைப்பார். ஆஸ்துமாவுக்கும் தோல் நோய்க்கும் சிறுநீரக நோய்க்கும் முறையாகச் சீட்டு எழுதி ஸ்டீராய்டு கொடுப்பதும் உண்டு. அது வேறு. அங்கே கண்காணிக்க ஆள் இருக்கிறார்.

அவருக்கு இருப்பது தேய்மான மூட்டுவலியா, முடக்குவாதமா என்பதும் முக்கியம். விரல் கணுக்கள் இரு கையிலும் வீங்கி, காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரம் கை மடங்காமல் விறைத்திருக்கும் வகையை ருமட்டாய்டு என்பார்கள். அந்த நோயே அக்கி வாய்ப்பைக் கூட்டும், லூபஸ் நோயும் அப்படித்தான். காரணம், அங்கே காவல் படை ஏற்கெனவே குழம்பிப்போய்ச் சொந்த உடம்பையே அடிக்கிறது. அதற்குத் தரும் மருந்துகளில் வாரம் ஒரு நாள் போடும் மெத்தோட்ரெக்ஸேட் அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. புதிதாக வந்திருக்கும் டோஃபாசிட்டினிப் வகை மாத்திரைகள் அக்கி வாய்ப்பைத் தெளிவாகக் கூட்டுகின்றன. ஜப்பான், கொரியா போன்ற ஆசிய நாட்டினரிடம் இது இன்னும் அதிகமாகக் காணப்பட்டிருக்கிறது. விலை இறங்கிவிட்டதால் இப்போது இந்த மாத்திரை நம் சிறு நகரங்களுக்கும் வந்துவிட்டது.

புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. இரத்தப் புற்று, நிணநீர்ப் புற்று உள்ளவர்களுக்கு மிகக் கூடுதல். எலும்பு மஜ்ஜை மாற்றியவர்களுக்கு அதைவிடவும் கூடுதல், அவர்களுக்கு அக்கி வராமல் இருக்கவே அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை மாதக்கணக்கில் கொடுத்துவைப்பார்கள். சீட்டில் அது தொடர்ந்து இருந்தால் “இது எதுக்கு, அக்கி இல்லையே” என்று நிறுத்திவிடாதீர்கள். சிறுநீரகம் மாற்றியவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள் பட்டியலும் இதில் சேரும். டயாலிசிஸ் நோயாளிக்கு அக்கி வந்தால் இன்னொரு கண்ணி இருக்கிறது. அதே அசைக்ளோவிரை மற்றவர்களுக்குப் போல 800 மில்லிகிராம் ஒரு நாளைக்கு ஐந்து வேளை கொடுத்தால் மருந்து வெளியேற வழியில்லாமல் தேங்கி, ஆள் உளற ஆரம்பிப்பார், நினைவு தப்பும். மூளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று வீடே பதறும். சிறுநீரகக் கோளாறு இருப்பதை மருத்துவரிடமும் மருந்து கொடுப்பவரிடமும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மாமியாருக்குக் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) பார்த்த சீட்டு இருந்தால் அதையும் எடுத்துப்போங்கள்.

இன்னொன்றைப் பற்றி நம் வீடுகளில் பேச மாட்டார்கள், நான் பேசிவிடுகிறேன். எச்ஐவி. வேறு காரணம் எதுவும் இல்லாமல் இருபத்தைந்து முப்பது வயதில் ஒருவருக்குப் பெரிய அக்கி வந்தால், பட்டை ஒன்றோடு நிற்காமல் இரண்டு மூன்று இடத்தில் வந்தால், திரும்பத் திரும்ப வந்தால், ஒரு முறை இரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. பல பேருக்கு அந்தக் கிருமி உடம்பில் இருப்பதை முதலில் காட்டிக்கொடுப்பது அக்கிதான். அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் என்று பலகை போட்ட அறை இருக்கும், கட்டணம் கிடையாது, விஷயம் வெளியே போகாது. எச்ஐவிக்கான கூட்டு மருந்து தொடங்கிய முதல் சில மாதங்களில் அக்கி வருவதும் உண்டு. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று அதை நிறுத்தக்கூடாது, எதிர்ப்புச் சக்தி திரும்பி எழும்போது நடக்கும் குழப்பம் அது. அதற்காக, அக்கி வந்த இளைஞர்களை எல்லாம் சந்தேகத்தோடு பார்ப்பது அசிங்கம். காரணமே இல்லாமல் ஆரோக்கியமான இளம் வயதினருக்கும் அக்கி வரும், வந்து போகும்.

சின்னச் சின்னக் காரணங்கள் சில. பெண்களுக்கு ஆண்களைவிடக் கொஞ்சம் அதிகம். பெற்றோர், உடன்பிறந்தவருக்கு வந்திருந்தால் கொஞ்சம் அதிகம். நாள்பட்ட நுரையீரல் நோயும் ஆஸ்துமாவும் கூட்டும். விறகடுப்புப் புகையிலேயே வாழ்ந்த நம் பாட்டிமார்களை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அடிபட்ட இடத்தில், அடிபட்ட சில வாரங்களுக்குள் அக்கி வருவதும் பதிவாகியிருக்கிறது. மனக்கவலை? துக்கம் நடந்த வீட்டில் அக்கி வந்ததாக நிறையப் பேர் சொல்வார்கள், ஆய்வுகளோ ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. தூக்கமில்லாமல், சாப்பாடு இறங்காமல் பதினாறு நாள் இருந்தால் எந்தக் காவலும் அசரத்தான் செய்யும் என்பது என் ஊகம், அதற்கு மேல் அழுத்திச் சொல்ல மாட்டேன்.

குழந்தைகளுக்கு அக்கி வருமா என்றும் சிலர் கேட்பார்கள். அரிதாக வரும். தாய் வயிற்றில் இருக்கும்போதோ, முதல் வயது நிறைவதற்குள்ளோ சின்னம்மை வந்த குழந்தைக்கு அந்த வாய்ப்பு அதிகம். அந்த வயதில் காவல் படையே சரியாக உருவாகியிருக்காது, கிருமியை அடையாளம் பதிவு செய்துகொள்ளாது. தடுப்பூசியில் இருப்பதும் வலுவிழந்த அதே கிருமிதான் என்றாலும், ஊசி போட்ட குழந்தைகளுக்கு அக்கி வருவது, அம்மை வந்த குழந்தைகளை விட நன்றாகவே குறைவு. சின்னம்மை ஊசி அரசின் இலவச அட்டவணையில் இல்லை, தனியாரிடம் வாங்கிப் போட வேண்டும். பையனுக்குப் போடாமல் இருந்தால் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

உங்களுக்கு வருமா என்று கேட்டீர்கள். சின்னம்மை வந்திருந்தால் கிருமி உங்களுக்குள்ளும் இருக்கிறது, ஆகையால் ‘வரவே வராது’ என்று யாரும் சொல்ல முடியாது. 36 வயதில், வேறு நோய் இல்லாதபோது, வாய்ப்பு குறைவு. மாமியாரைத் தொட்டு மருந்து போடுவதால் உங்களுக்கு அக்கி வராது. சொல்லப்போனால் 1965-இல் இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் என்ற சிற்றூரில் பொது மருத்துவராக இருந்த ஹோப் சிம்ப்சன் என்பவர் இதற்கு நேர்மாறாக ஒன்றைச் சொன்னார். பதினாறு வருடம் தன்னிடம் வந்த நோயாளிகளைக் குறித்துவைத்துப் பார்த்து, அம்மை வந்த குழந்தைகளோடு பழகும் பெரியவர்களுக்கு எதிர்ப்பு அவ்வப்போது புதுப்பிக்கப்படுகிறது, அதனால் அக்கி தள்ளிப்போகிறது என்பது அவர் கருத்து. அதை இன்றும் விவாதிக்கிறார்கள். ஒரு ஊர் டாக்டர் நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார் என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

உங்களுக்குச் சின்னம்மை வந்ததே இல்லை என்றால் கதை வேறு. குளிர் நாடுகளில், தடுப்பூசி போடாத இடங்களில், சின்ன வயதிலேயே பெரும்பாலானவர்களுக்கு அம்மை வந்து போய்விடும். நம்மைப் போன்ற வெயில் பிரதேசங்களில் வளர்ந்த பிறகு வருவது அதிகம், கல்லூரி விடுதிகளிலும் ஓசூர்க் கம்பெனி ஆட்கள் தங்கும் அறைகளிலும் வரிசையாகப் படுப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரியவர்களுக்கு அது கடுமையாக வரும். அப்படியானால் நாத்தனாருக்குச் சொன்ன ஜாக்கிரதை உங்களுக்கும் பொருந்தும்.

அக்கி எழுதுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பாலக்கோட்டில் இந்நேரம் யாராவது சொல்லியிருப்பார்கள். மண்பாண்டம் செய்பவர் வீட்டுக்குப் போய், காவிக்கல்லை இழைத்து, கொப்புளத்தைச் சுற்றிச் சிங்கம் போல எழுதிக்கொண்டு வருவது. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடம் பேசுகிறவர்கள் இதைச் சர்ப்ப சுத்து என்பார்கள். பாம்பு உடம்பைச் சுற்றி வந்து தலையும் வாலும் சேர்ந்துவிட்டால் ஆள் பிழைக்க மாட்டார் என்று ஒரு பயம். நரம்பின் எல்லை நடுக்கோட்டில் முடிந்துவிடுவதால் சாதாரணமாகத் தலையும் வாலும் சேரவே சேராது. எதிர்ப்புச் சக்தி மிகவும் விழுந்தவர்களுக்குத்தான் அக்கி பட்டையைத் தாண்டி உடம்பெங்கும் பரவும், அவர்களுக்கு அது உண்மையிலேயே உயிராபத்து. யோசித்தால் அந்தப் பயத்துக்குள் ஒரு பழைய கவனிப்பு ஒளிந்திருக்கிறது. எழுதிக்கொள்வதைப் பழிக்க எனக்கு மனமில்லை, என் அம்மாவுக்கும் எழுதியிருக்கிறார்கள், ஆறியது. எழுதாமல் இருந்தாலும் இரண்டு மூன்று வாரத்தில் ஆறியிருக்கும். என் சண்டை காவியோடு இல்லை, நாளோடு. அசைக்ளோவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைக் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். மூன்று நாள் எழுதிப் பார்த்துவிட்டு வந்தால் அந்த நேரம் போயே போய்விட்டது. உடைந்த கொப்புளத்தில் மண் பட்டுச் சீழ் வைத்தால், சர்க்கரை உள்ளவருக்கு அது தனி வேதனை.

உங்கள் மாமியாருக்கு நாலு நாள் ஆகிவிட்டது என்கிறீர்கள். பரவாயில்லை என்று வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள். புதுக் கொப்புளம் இன்னும் வந்துகொண்டிருந்தால், அதிலும் இந்த வயதில் சர்க்கரையோடு, தாமதமானாலும் மருந்து தொடங்குவார்கள். பாலக்கோடு அரசு மருத்துவமனையிலேயே காட்டலாம், தேவைப்பட்டால் அவர்களே தர்மபுரி மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக்கொடுப்பார்கள். நெற்றியிலோ, கண்ணைச் சுற்றியோ, மூக்கு நுனியிலோ ஒரு கொப்புளம் தெரிந்தால் மட்டும் அன்றே கண் மருத்துவர் பார்த்தாக வேண்டும். மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் போவது ஒரே நரம்பின் கிளை. காதில் வந்து வாய் கோணினாலும் அவசரம்தான். வலிக்குக் கேபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றை எழுதுவார்கள். இவை தூக்கத்தையும் தள்ளாட்டத்தையும் தரும். ராத்திரி பாத்ரூம் போகும்போது யாராவது கூட எழுந்திருங்கள்.

தடுப்பூசி ஒன்று இருக்கிறது. ஷிங்ரிக்ஸ் என்று பெயர், 2023-இல் இந்தியாவுக்கு வந்தது, ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. இரண்டிலிருந்து ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் நடந்த பெரிய சோதனைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் காப்பாற்றியிருக்கிறது. இதில் உயிருள்ள கிருமி இல்லை. அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்காது, தனியாரில் விலை நம் கையைக் கடிக்கும். சர்க்கரை, ஆஸ்துமா, முடக்குவாதம் இருக்கும் அறுபது வயதுக்காரர் செலவு செய்ய முடிந்தால் யோசிக்கலாம் என்பேன். முடக்குவாதத்துக்குப் புது மாத்திரை தொடங்கப்போகிறவர் தொடங்குவதற்கு முன்னாலேயே மருத்துவரிடம் இதைக் கேட்டுவிட வேண்டும். வந்துபோன பிறகும் போட்டுக்கொள்ளலாம், ஆனால் இப்போது உங்கள் மாமியாருக்கு வேண்டாம், கொப்புளமெல்லாம் ஆறி உடம்பு தேறட்டும்.

நாளைக்குக் கிளம்பும்போது மஞ்சள் பையில் எல்லா அட்டையையும் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள், காகிதத்தில் மடித்த உதிரி மாத்திரை இருந்தால் அதையும், பொடி இருந்தால் அதையும். மாமியார் மறைத்து வைத்திருக்கலாம், தலையணைக்குக் கீழே பாருங்கள். மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருப்பவரிடமும் ஒரு முறை காட்டுங்கள். அட்டை கிழிந்து பெயர் இல்லாவிட்டாலும் நிறத்தையும் வடிவத்தையும் வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடுவார்.